யிஷிங் மண் கெண்டிகள்: அசலும் நகலும்

சீனாவின் சியாங்சு மாகாணத்தில் தாய் ஏரியின் மேற்கே உள்ள யிஷிங், தேநீர்க் கெண்டிகளுக்குப் பெயர்பெற்ற ஊராகும். 'சிஷா' (ஊதா மணல்) எனப்படும் மண்ணால் செய்யப்படும் இவற்றுக்கு மெருகு பூசுவதில்லை. நாஞ்சிங் நகரில், 1533ஆம் ஆண்டைச் சேர்ந்த வூ சிங் என்னும் அரண்மனை அலுவலரின் கல்லறையில் கிடைத்த கெண்டி, காலம் உறுதியாகத் தெரிந்தவற்றுள் மிகப் பழையதாகக் கருதப்படுகிறது.

மெல்லிய சுவர் கொண்ட சிறு கெண்டிகளுக்கு 17ஆம் நூற்றாண்டின் ஹுய் மெங்சென் புகழ்பெற்றவர். நாளடைவில் அவர் பெயரே அவ்வகைக் கெண்டியின் பொதுப்பெயராயிற்று. பின்வந்தவர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அதே பெயரைப் பொறித்துவந்தனர். எனவே அடியில் 'மெங்சென்' என்றிருப்பது எதற்கும் சான்றாகாது.

பெயரைவிட உட்புறமே அதிகம் பேசும். யிஷிங் மரபில் சக்கரம் கிடையாது. மண்ணை அடித்துத் தகடாக்கி, உருளையாக வளைத்து ஒட்டி, சுழற்றியபடியே பலகையால் தட்டி வயிற்றை உருவாக்குவர். சுவர் மெலிய மெலியச் சூளையில் கோணும் அபாயம் கூடும். மூடி அசையாமல் பொருந்துவதும், மூடியின் துளையை விரலால் அடைத்ததும் நீர் நிற்பதும் ஆகவே நல்ல வேலைக்கு அடையாளம். ஆனால் மெலிவு மட்டும் போதாது. கூழ்மண்ணை அச்சில் ஊற்றியும் மெல்லிய சுவர் பெறலாம். அதில் தட்டிய தடம் இராது. உள்ளே சுழல்வரிகள் தெரிந்தால் உடனே போலி என்று தள்ளுவதும் தவறு. சாவ்சோ பகுதியில் சிறு கெண்டிகளைச் சக்கரத்தில் வனைவதே வழக்கம். அது யிஷிங் அல்ல, அவ்வளவுதான். பழமையான நிறமோ நம்பவே தகாதது. காலணி மெருகு தடவியும் அதை வரவழைக்கிறார்கள்.

உண்மையான சிக்கல், நகல் செய்தவரும் மேதையாக இருக்கும்போதுதான் எழுகிறது. 1930களில் சாங்காயின் பழம்பொருள் வணிகர்கள் யிஷிங் கைவினைஞர்களை வரவழைத்துப் பழைய படைப்புகளைப் போலச் செய்வித்தனர். பின்னாளில் இக்கலையின் தலைசிறந்தவராகப் போற்றப்பட்ட கு சிங்சோவும் (1915–1996) அவர்களுள் ஒருவர். அத்தகைய நகல்களில் கைத்திறன் குறையைத் தேடிப் பயனில்லை.

அதனால்தான் கல்லறைப் பொருள்களுக்கு இத்தனை மதிப்பு. வூஷியில் 1629ஆம் ஆண்டுக் கல்லறை ஒன்றிலிருந்து ஷி தாபின் பெயர் பொறித்த முக்கால் கெண்டி 1984இல் எடுக்கப்பட்டது. அவர் பெயரில் விலைக்கு வரும் கெண்டிகளை அதனருகே வைத்துத்தான் ஆய்வாளர்கள் பார்க்கிறார்கள்.