எட்டு என்னும் பழைய எண்

மகளின் ஆங்கில வீட்டுப்பாடத்தில் ‘மை புக்’ என்றொரு தொடர். ‘மை’ என்ன வகைச்சொல் என்று கேட்டாள். சின்ன வயதில் படித்தது மறக்கவில்லை, ‘அஜெக்டிவ்’ என்றேன். மறுநாள் தவறு என்ற குறியுடன் தாள் திரும்பி வந்தது. சரியான விடை ‘டிட்டர்மினர்’. “உங்க காலத்துல இது இல்லையா அப்பா?” என்றாள். நான் படித்த எட்டு வகைகளில் அது இல்லைதான்.

அந்த எட்டு, கிரேக்கர்களின் சொத்து. கி.மு. 2ஆம் நூற்றாண்டினரான டயோனிசியஸ் திராக்ஸின் பெயரால் வழங்கும் இலக்கணம் சொற்களை எட்டாகப் பிரித்தது. இலத்தீனில் ‘ஆர்ட்டிகிள்’ கிடையாது. ஒன்று குறையுமே! உரோம இலக்கணக்காரர்கள் வியப்புச் சொற்களைத் தனி வகையாக்கி எட்டை நிரப்பிக்கொண்டார்கள்.

1586இல் வில்லியம் புல்லோகர் எழுதிய முதல் ஆங்கில இலக்கணமும் இலத்தீன் அச்சில் வார்த்ததே. அந்த மரபில் அஜெக்டிவ் பெயர்ச்சொல்லின் ஒரு பிரிவு. இலத்தீனில் அது பெயரைப் போலவே வேற்றுமை ஏற்கும். ஆங்கிலத்தில் ஏற்காது. 1761இல் ஜோசப் பிரீஸ்ட்லி ‘பார்ட்டிசிபிள்’ இருந்த இடத்தில் அஜெக்டிவை அமர்த்தினார். பின்னாளில் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்த அதே பிரீஸ்ட்லிதான். 1795இல் லிண்ட்லி மரே ஆர்ட்டிகிளையும் சேர்த்து ஒன்பது என்றார்.

1952இல் சார்லஸ் ஃபிரைஸ் பழைய பெயர்களையே தூக்கிப்போட்டார். சுமார் 50 மணிநேரத் தொலைபேசி உரையாடல்களைப் பதிவுசெய்து, ஒரு சொல் நிற்கும் இடத்தில் வேறு எவை நிற்கும் என்று பார்த்தார். நான்கு பெரிய வகைகளும் 15 சிறு குழுக்களும் கிடைத்தன. ‘மை’ அங்கே ‘தி’யோடு ஒரே குழுவில் இருந்தது. காரணம் எளிது: ‘தி பிக் புக்’ எனலாம், ‘தி மை புக்’ எனமுடியாது. இங்கிலாந்தின் பாடத்திட்டம் 2014 முதல் ‘மை’யை டிட்டர்மினர் என்பதும் இதனால்தான்.

என் தொழிலான கணினிக்கு வருவோம். பிரவுன் பல்கலைக்கழகம் திரட்டிய பத்து லட்சம் ஆங்கிலச் சொற்களுக்கு 1971இல் ஒரு நிரல் வகை குறித்தது; ஏறத்தாழ 77 விழுக்காடு சரி, மிச்சத்தை மனிதர்கள் திருத்தினார்கள். 1993இல் வெளிவந்த பென் ட்ரீபேங்க் சொற்களுக்கு வைத்த வகைகள் 36. அதில் ‘மை’ உடைமைப் பிரதிப்பெயர்! ஒரே சொல்லுக்கு மூன்று விடைகள்.

தொல்காப்பியத்துக்குப் பெயர், வினை, இடை, உரி என நான்கே போதும். ‘என் புத்தகம்’ என்பதில் ‘என்’, ‘நான்’ என்பதன் வேற்றுமை வடிவம். தனி வகை தேவையில்லை.

இதையெல்லாம் மகளிடம் சொல்லிவிட்டு, ‘தி மை புக்’ சோதனையைச் செய்யச் சொன்னேன். சிரித்தாள். பிறகு, “தமிழ்ல ‘இந்த என் புத்தகம்’னு சொல்லலாமே?” என்றாள். சொல்லலாம். தேர்வில் டிட்டர்மினர் என்றே எழுது என்றேன். கேள்வியை மட்டும் விட்டுவிடாதே என்றும்.