நடுவில் இருந்த சொல்

சுவர்களிலும் பேனர்களிலும் நாம் பார்த்துப் பழகிய முழக்கம் "கற்பி, ஒன்றுசேர், புரட்சி செய்". 1942 ஜூலையில் நாக்பூர் மாநாட்டில் அண்ணல் ஆங்கிலத்தில் சொன்ன வரிசை வேறு: எஜுகேட், அஜிடேட், ஆர்கனைஸ். நடுவில் இருந்த சொல் தமிழுக்கு வரும்போது கடைசிக்குப் போய்விட்டது. போன இடத்தில் 'புரட்சி' என்று பொருளும் மாறிவிட்டது.

அஜிடேட் என்பதன் வேர் லத்தீன் வினையான 'அகெரே'. ஓட்டுதல், இயக்குதல், செய்தல் என்று பொருள். மாடு ஓட்டுவதற்கும் அதே சொல்தான். ஆக்ட், ஏஜென்ட், அஜெண்டா எல்லாம் இதன் பிள்ளைகள். ஒரு செயலை விடாமல் திரும்பத் திரும்பச் செய்வதைக் குறிக்க லத்தீனில் வினை வடிவம் மாறும். அப்படி வந்தது 'அகிதாரே'. விடாமல் ஓட்டுவது, உலுக்குவது, கலக்குவது. அதோடு ஒரு விஷயத்தை மனதில் புரட்டிப் புரட்டிப் பார்ப்பது, விவாதிப்பது என்ற பொருளும் லத்தீனிலேயே அதற்கு உண்டு. அதன் முன்னால் 'கோ' என்ற முன்னொட்டு சேர்ந்து உருவான சொல்தான் 'கோகிதாரே', அதாவது சிந்திப்பது. தத்துவ வகுப்பில் மனப்பாடம் செய்கிறோமே, டெகார்ட்டின் 'கோகிதோ', அது இந்த வீட்டுப் பிள்ளைதான். உலுக்கலும் சிந்தனையும் ஒரே வேரில் கிளைத்தவை.

ஆங்கிலத்தில் இந்தச் சொல் அரசியலுக்குள் வந்த கதையும் நமக்குத் தேவை. 1647இல், மன்னரை எதிர்த்துப் போரிட்ட நாடாளுமன்றப் படையின் சாதாரணச் சிப்பாய்கள், சம்பள பாக்கி கேட்டுத் தங்களுக்குள் பிரதிநிதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவர்களுக்குப் பெயர் 'அஜிடேட்டர்கள்'. அந்த ஆண்டே பட்னி என்ற ஊரில் தளபதிகளுக்கு எதிரே உட்கார்ந்து, சொத்தில்லாதவனுக்கு ஏன் ஓட்டு இல்லை என்று வாதிட்டார்கள். பிற்காலத்தில் அதிகார வர்க்கம் அந்தப் பெயரை வசவாக்கிவிட்டது. நம் ஊரில் "யாரோ வெளியாள் தூண்டிவிட்டிருக்கான்" என்கிறார்களே, அதே தொனி!

முழக்கமும் அண்ணலின் சொந்த ஆக்கம் அல்ல. 1880களிலேயே பிரிட்டன் சோசலிஸ்டுகளிடம் இருந்தது. ஆனால் அதற்கு அவர் கொடுத்த உயிர் வேறு. மகாடை எடுத்துக்கொள்ளுங்கள். பொது நீர்நிலைகளை எல்லோருக்கும் திறக்க வேண்டும் என்று பம்பாய் சட்டமன்றம் 1923இல் தீர்மானம் போட்டது. மகாட் நகராட்சி 1924இல் அதை ஏற்றது. அதன் பிறகும் சவுதார் குளத்தில் தீண்டத்தகாதவர் கை படவில்லை. உரிமை காகிதத்தில் இருந்தது. 'நமக்குரிய தண்ணீர்' என்ற எண்ணம் மனதில் இறங்கவில்லை. 1927 மார்ச் மாநாட்டில், செத்த மாட்டு இறைச்சியை விடுங்கள், சுயமரியாதையோடு வாழுங்கள் என்று முதலில் மனதை உலுக்கினார். பிறகுதான் கூட்டம் குளத்துக்கு நடந்தது.

இதை 'புரட்சி செய்' என்று கடைசியில் வைத்துவிட்டு, இன்று நாம் செய்வது என்ன? உறுப்பினர் அட்டை, வாட்ஸ்அப் குழு, பொறுப்பாளர் பட்டியல். உள்ளே வந்த பையன் தன் தெருவின் தனிக்குவளை பற்றி ஒரு கேள்வியும் கேட்டிருக்க மாட்டான். 'கிளர்ச்சி கொள்' என்று நடுவிலேயே வைத்திருக்கலாம் என்பது என் கருத்து.

அமைப்பு வேண்டாம் என்று அண்ணல் இருக்கவில்லை. 1924இலேயே பகிஷ்கரித் ஹிதகாரிணி சபாவைத் தொடங்கியவர் அவர். பட்டியல் சாதியினர் கூட்டமைப்பை உருவாக்கத் தீர்மானித்ததும் அதே நாக்பூர் மாநாடுதான். அந்த மேடையில் நின்றுதான் 'ஆர்கனைஸ்' என்பதை மூன்றாவதாகச் சொன்னார்.