துருவேறிய ரிவால்வரும் பல்லாவரத்துக் கல்லும்

அருங்காட்சியகங்களில் நம் கண் முதலில் செல்வது ஆயுதங்களின் பக்கம்தான். வாள், குத்துவாள், நாட்டுத் துப்பாக்கி, துருவேறிய ரிவால்வர் என்று வரிசையாக அடுக்கியிருப்பார்கள். அருகிலுள்ள சீட்டிலோ பெரும்பாலும் பெயரும் நூற்றாண்டும் மட்டுமே இருக்கும். அது யாருடையது, எந்த ஊரில் கிடைத்தது, எவ்வாறு இங்கு வந்தது என்ற கேள்விகளுக்கு விடை இராது.

ரிவால்வர் வெறும் இரும்புத் துண்டன்று. சுழலும் உருளையில் தோட்டாக்களை இட்டு, மீண்டும் மீண்டும் மருந்து கெட்டிக்காமல் சுடும் முறைக்கு 1836இல் அமெரிக்காவில் சாமுவேல் கோல்ட் காப்புரிமை பெற்றார். பர்மிங்ஹாமின் வெப்லி ரிவால்வரை 1887இல் பிரிட்டிஷ் படை ஏற்றுக்கொண்டது. இடையில், 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் உரிமம் இன்றி ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. ஐரோப்பியருக்கோ விலக்கு அளித்தது. ஆகவே செங்கல்பட்டுப் பகுதியின் பழைய வீடொன்றில் அக்காலத்து ரிவால்வர் கிடைக்குமானால், அது ஓர் ஆட்சியின் கதையையே சொல்லக்கூடும். உரிமம் பெற்ற மிராசுதாரர் வாங்கியதா, ஊரைவிட்டுப் போன அதிகாரி விட்டுச்சென்றதா, ஒளித்து வைத்ததா? குறிப்பு இருந்தால் அது சான்று. இல்லையேல் பழைய இரும்பு.

குறிப்பின் மதிப்பை அறிய நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், பல்லாவரம் படைத்திடலருகே செம்பூரான் சரளைக் குழியொன்றில், நிலவியலாளர் இராபர்ட் புரூஸ் ஃபுட் மனிதன் செதுக்கிய கல்லொன்றைக் கண்டெடுத்தார். இந்தியாவின் பழைய கற்கால ஆய்வுக்கு அதுவே தொடக்கம். அதே ஆண்டு செப்டம்பரில் வில்லியம் கிங்குடன் அத்திரம்பாக்கத்திலும் கற்கருவிகளைக் கண்டார். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்த அவ்வூர் இன்று திருவள்ளூர் மாவட்டத்தில் உள்ளது.

ஃபுட்டின் பெருமை கல்லை எடுத்ததோடு முடியவில்லை. எங்கே எடுத்தோம், எந்த மண்ணடுக்கில் எடுத்தோம் என்பதையும் அவர் எழுதி வைத்தார். 1904இல் அவரது சேகரிப்பைச் சென்னை அருங்காட்சியகம் விலைக்கு வாங்கியது. 1912இல் அவர் மறைந்த பின் அதன் பட்டியல் நூலாக வந்தது. ஏறத்தாழ 135 ஆண்டுகளுக்குப் பின் சாந்தி பப்பு குழுவினர் அதே அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்து, அங்குள்ள மிகப் பழைய கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுகள் தொன்மையானவை என்று 2011இல் அறிவித்தனர். பிற்காலத்தவர் திரும்பிச் செல்வதற்கு இடம் ஒன்று குறிக்கப்பட்டிருந்தது.

கடற்கரையிலும் இதே பாடம்தான். 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின், மாமல்லபுரத்தை அடுத்த சாளுவன்குப்பத்தில் பாறைக் கல்வெட்டுகள் வெளிப்பட்டன. அவை முருகன் கோயிலொன்றைக் குறிப்பிட்டன. 2005இல் தொல்லியல் துறையினர் அருகிலேயே அகழ, செங்கற் கோயிலும் கல்லாலான வேலும் கிடைத்தன. எழுத்தும் கட்டடமும் வேலும் ஓரிடத்திலேயே இருந்ததால் ஒன்று மற்றொன்றுக்குச் சாட்சியாயிற்று. அந்த வேலை மட்டும் எவரேனும் முன்பே பெயர்த்துச் சென்றிருந்தால், எங்கோ ஒரு கூடத்தில் ‘கல் வேல்’ என்ற இரு சொற்களோடு அது நின்றிருக்கும்.

செங்கல்பட்டு 2019 நவம்பரில் தனி மாவட்டமாயிற்று. அதன் வரலாற்றுக்கான பொருள்கள் இன்னும் பல வீடுகளின் பரண்களில் இருக்கக்கூடும். 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறாண்டு கடந்தவை தொல்பொருள்கள். பழந்துப்பாக்கி என்றதும் அஞ்சிக் கிணற்றில் எறிய வேண்டியதில்லை. பயன்படுத்த இயலாத தொன்மையான ஆயுதங்களுக்கு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்திலேயே விலக்கு உண்டு. அது பொருந்துமா என்பதை உரிய அதிகாரிகளிடம் கேட்டறிவது நலம். அதற்கும் முன்பாக நாம் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. வீட்டிலுள்ள முதியவரை அமர்த்தி, அது யார் கையில் இருந்தது, எந்த வழியாக வந்தது என்று கேட்டு ஒரு தாளில் எழுதி, அப்பொருளோடு சேர்த்து வைப்பது. இரும்பைத் துருவிலிருந்து காக்க எண்ணெய் உண்டு. முதியவரின் நினைவைக் காக்க எழுத்தன்றி வேறு வழியில்லை.