முகமும் விலையும்: அரசர் அளித்த பொற்சிமிழ்கள்

பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில், பணி முடித்து நாடு திரும்பும் தூதருக்கு அரசர் மூக்குப்பொடி வைக்கும் பொற்சிமிழைப் பரிசளிப்பது வழக்கம். மதிப்பு மிக்கவற்றில் மூடிமேல் அரசரின் சிற்றோவியமும் அதைச் சுற்றி வைரங்களும் இருக்கும். இதைக் கைவினையின் உச்சம் என்று போற்றலாம். நாசூக்கான கையூட்டு என்று தள்ளவும் செய்யலாம். இரண்டுமே பாதி உண்மைதான். மரியாதையையும் பணத்தையும் ஒரே பொருளில், வேண்டும்போது பிரித்தெடுக்கும்படி சேர்த்து வைத்ததே இந்தச் சிமிழின் தனித்தன்மை. ஆகவே இதன் வரலாற்றைச் சிதையாத சிமிழ்களைவிட, வைரம் பெயர்க்கப்பட்டவையே தெளிவாகச் சொல்கின்றன என்பது என் வாதம்.

வாதத்தின் வேர் பொருளின் அமைப்பிலேயே இருக்கிறது. பொடி காய்ந்துவிடாதபடி மூடி இறுக்கமாகப் பொருந்த வேண்டும். கீல் விளிம்புக்குள் மறைந்திருக்க வேண்டும். பாரிஸ் பொற்கொல்லர்கள் தங்கத்தோடு செம்பு கலந்து செந்நிறமும், வெள்ளி கலந்து பசுநிறமும் வரவழைத்து, ஒரே மூடியில் பல நிறத் தங்கத்தால் பூவேலை செய்தார்கள். ஆனால் சிமிழை உருக்கினால் அந்த உழைப்பு முழுவதும் வீண்; கிடைப்பது தங்கத்தின் எடை மட்டுமே. வைரம் அப்படியல்ல. அதைப் பிடித்திருக்கும் பற்களை நிமிர்த்தினால் பழுதின்றிக் கையில் வந்துவிடும். சிமிழைக் கெடுக்காமலே அதைப் பணமாக்க வழி இருந்தது.

பதினான்காம் லூயிக்கு மூக்குப்பொடி பிடிக்காது. ஆனாலும் தம் எனாமல் உருவத்தை வைரங்கள் சூழப் பதித்த படப்பேழைகளை அவர் ஏராளமாக வழங்கினார். அரசரின் பரிசுகளுக்கென்றே பதிவேடு இருந்தது. அந்தப் பேழைகளில் முழுமையாக எஞ்சியவை மிகச் சில. வைரங்கள் போய்விட்டன, ழான் பெத்தித்தோ போன்றோர் தீட்டிய முகங்கள் தனியே நிற்கின்றன. பெற்றவர்கள் விலையைச் செலவழித்து, முகத்தை வைத்துக்கொண்டார்கள்.

இதற்குத் துல்லியமான சான்று அமெரிக்கத் தூதர் பெஞ்சமின் பிராங்க்ளினுடையது. 1785இல் பிரான்சிலிருந்து விடைபெற்றபோது பதினாறாம் லூயி அவருக்குத் தம் சிற்றோவியத்தை அளித்தார். பலரும் இதைப் பொடிச்சிமிழ் என்று எழுதுகிறார்கள். பிராங்க்ளினின் உயிலோ 408 வைரங்கள் பதித்த மன்னரின் படம் என்றே குறிக்கிறது. அதை மகள் சாராவுக்கு எழுதிவைத்த அவர், அந்த வைரங்களால் மகள் தனக்கோ தன் பெண்களுக்கோ நகை செய்துகொள்ளக் கூடாது என்றும் கேட்டுக்கொண்டார். மகள் நகை செய்யவில்லை. வெளிவட்ட வைரங்களை விற்றுக் கணவரோடு ஐரோப்பாவுக்குப் பயணம் போனார். ஃபிலடெல்ஃபியாவில் அமெரிக்கத் தத்துவக் கழகத்தில் உள்ள அந்தப் படத்தில் இன்று மிஞ்சியிருப்பது ஒரே ஒரு வைரம்.

புதிய அமெரிக்கக் குடியரசு இந்த இரட்டைத் தன்மையை நன்றாகவே உணர்ந்திருந்தது. அரசுப் பதவியில் இருப்போர் நாடாளுமன்றத்தின் ஒப்புதலின்றி அயல்நாட்டு அரசர்களிடம் எந்தப் பரிசையும் பெறக் கூடாது என்று 1787இல் வகுக்கப்பட்ட அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. நட்பு நாட்டு மன்னர் தங்கள் தூதருக்குப் பேழை ஒன்றை அளித்த நிகழ்வே இந்தத் தடைக்குத் தூண்டுதல் என்று 1788இல் விர்ஜீனியா மாநாட்டில் எட்மண்ட் ராண்டால்ஃப் பேசினார். கவனிக்க வேண்டியது, சட்டம் பரிசை அடியோடு விலக்கவில்லை என்பதே. அதற்கு முன்பே பிராங்க்ளினும் ஒப்புதல் பெற்றுத்தான் படத்தை வைத்துக்கொண்டார். மரியாதையை மறுத்தால் நட்பு கெடும்; பணத்தை மறைத்தால் நாடு கெடும். பரிசை அவையின் முன் வைக்கச் செய்ததே அவர்கள் கண்ட தீர்வு.

முடியரசுகள் இதை வெளிப்படையான கணக்காகவே நடத்தின. நான்காம் ஜார்ஜின் 1821 முடிசூட்டு விழாவில் அயல்நாட்டு அமைச்சர்களுக்கான சிமிழ்களுக்கு மட்டும் ரண்டல் அண்ட் பிரிட்ஜ் நகைக்கடைக்கு 8,205 பவுண்டுக்கு மேல் கொடுக்கப்பட்டது. பொடி போடும் பழக்கம் மங்கிய பிறகும் ரஷ்யப் பேரரசர்கள் சிமிழ் வழங்கினார்கள்: உருவம் பதித்தது உயர்ந்த தகுதிக்கு, பெயரெழுத்து பதித்தது அதற்கு அடுத்ததற்கு. விரும்பியவர் அதை அரண்மனை அலுவலகத்திடமே திருப்பிக் கொடுத்துப் பணம் பெறலாம். அதே சிமிழ் இன்னொருவருக்குப் பரிசாகப் போகும். விற்பது அவமதிப்பு என்றால், கொடுத்தவரே ஏன் திரும்ப வாங்க வேண்டும்?

இதற்கு ஒரு தடை எழலாம். 1797இல் தொலெந்தினோ உடன்படிக்கையை ஒட்டி ஆறாம் பயஸ் போப்பாண்டவர் அளித்த சிமிழை, நெப்போலியன் செயிண்ட் ஹெலினா சிறைவாசத்தில் தனக்குப் பரிவு காட்டிய ஹாலந்து சீமாட்டிக்கு விட்டுச் சென்றார். அதை ஏற்காதீர் என்று கார்லைல் பிரபு கவிதையே எழுதினார். அந்தச் சண்டையில் விலை பேசப்படவே இல்லை. பேசப்பட்டதெல்லாம் அது யார் கையிலிருந்து வந்தது என்பதே. ஆனால் கொடுத்தவர் அரியணை இழந்த கைதி. இனி பரிசுக்குப் பதிலாக அவரிடம் பெற ஏதுமில்லை. அரசாட்சி இருந்தவரை விலையோடு பிணைந்திருந்த முகம், அது போனபின்தான் தனியே நின்றது. விதிவிலக்கு விதியை உறுதியே செய்கிறது.

ஆகவே அருங்காட்சியகங்களில் வைரம் இழந்த படத்தைக் 'குறைபட்டது' என்று ஒதுக்குவது தவறு. பிராங்க்ளினின் படத்தில் காலியாக நிற்கும் ஒவ்வொரு குழியும் பரிசு பயன்பட்டதற்கான ரசீது. மிஞ்சிய ஒற்றை வைரத்தையும், இல்லாமற்போன 407ஐயும் சேர்த்து வாசித்தால்தான் மன்னர் கொடுத்தது என்ன என்பது விளங்கும்.