ஷாத்தோ கய்யார்: கோட்டையும் ஊராரும்



பிரான்சின் நார்மண்டிப் பகுதியில், செய்ன் ஆறு வளைந்து திரும்பும் இடத்தில் இருக்கிறது பெத்தி ஆந்த்லி. 'சின்ன ஆந்த்லி' என்று பொருள். ஆற்றங்கரையில் பழைய வீடுகள், பின்னால் வெள்ளைச் சுண்ணாம்புக் குன்று, உச்சியில் ஷாத்தோ கய்யார் என்ற இடிந்த கோட்டை. படத்தில் பார்ப்பதைவிட நேரில் அழகு. மூச்சு வாங்க ஏறிப் பார்த்தேன்.

கட்டியவர் 'சிங்கநெஞ்சன்' என்று பெயரெடுத்த இங்கிலாந்து மன்னர் ரிச்சர்ட். நார்மண்டியும் அன்று அவர் ஆட்சியில்தான் இருந்தது. பிரெஞ்சு மன்னர் இரண்டாம் பிலிப் ரூவான் நகரை நெருங்கிவிடாமல் தடுக்க, 1196-இல் தொடங்கி 1198-க்குள் கட்டி முடித்துவிட்டார். உள்மதில் நேராகப் போகாமல் அரைவட்டம் அரைவட்டமாகப் புடைத்து நிற்கிறது. எறிகல் பட்டால் விலகித் தெறிக்கட்டும் என்ற கணக்கு. 1199-இல் ரிச்சர்ட் இறந்தார். தம்பி ஜான் பட்டத்துக்கு வந்தார்.

1203-இல் பிலிப் முற்றுகையிட்டார். ஊர் மக்கள் உயிருக்குப் பயந்து கோட்டைக்குள் ஓடினார்கள். முற்றுகை நீண்டது, தானியம் குறைந்தது. கோட்டைத் தளபதி ரோஜர் டி லேசி, போரிட முடியாதவர்களை வெளியே அனுப்பினார். முதலில் போனவர்களுக்குப் பிரெஞ்சுப் படை வழிவிட்டது. கடைசியாக வந்த சில நூறு பேருக்கு விடவில்லை. திரும்பி ஓடினால், கோட்டைக் கதவும் திறக்கவில்லை. குளிர்காலம் முழுக்க இரு படைகளுக்கும் நடுவே, சரிவிலும் பள்ளத்திலும் கிடந்தார்கள். புல்லைத் தின்றார்கள், நாயைத் தின்றார்கள். பிலிப்புடன் இருந்த பாதிரியார் கியோம் இதை எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் பிலிப் மனமிரங்கி உணவு கொடுத்து விடுவித்தபோது, பலர் இறந்துபோயிருந்தார்கள்.

அத்தனை பேரை வெளியேற்றியும் கோட்டை நிலைக்கவில்லை. ஜான் புதிதாகச் சேர்த்த கட்டடத்தின் சன்னல் வழியே சில வீரர்கள் ஏறி உள்ளே புகுந்தார்கள் என்கிறார் கியோம். 1204 மார்ச் 6-இல் கோட்டை விழுந்தது. அதே ஆண்டு ரூவானும் பணிந்தது. இழந்த நார்மண்டியை மீட்க ஜான் வரிமேல் வரி போட்டார், பிரபுக்கள் கொதித்தெழுந்தார்கள். 1215-இல் வந்த மாக்னா கார்ட்டாவை நீங்கள் வகுப்பில் படித்திருக்கிறீர்கள். அதற்குப் போகும் வழியில்தான் இந்தக் குன்று நிற்கிறது. 1599-இல் நான்காம் ஹென்றி கோட்டையை இடிக்க உத்தரவிட்டார். மிஞ்சியதைத்தான் இன்று பார்க்கிறோம்.

பிள்ளைகளோடு அங்கே போகிறவர்கள் மதிலருகே படம் எடுத்த பிறகு, அந்தப் பள்ளத்தின் ஓரத்திலும் சற்று நில்லுங்கள். ஊரைக் காக்கத்தான் கோட்டை என்று நினைக்கிறோம். இங்கே கோட்டை தன்னைக் காத்துக்கொள்ள ஊரை வெளியே தள்ளியது.