தில்லி மரங்களும் காலடி மண்ணும்

ஊரிலிருந்து வரும் சொந்தக்காரர்களை இந்தியா கேட் காட்ட அழைத்துப் போனால் எல்லோரும் தவறாமல் ஒன்று சொல்வார்கள். "ஏம்ப்பா, தலைநகரத்துல இவ்வளவு மரமா!" அதுவும் எல்லாம் நமக்குத் தெரிந்த மரங்கள். அக்பர் ரோட்டில் புளி, ஜன்பத்தில் மருதம், ராஜபாதையில் (2022 முதல் கர்த்தவ்ய பாதை) நாவல், 2015இல் நம் அப்துல் கலாம் பெயர் வைத்த சாலையில் வேம்பு.

1911 தர்பாரில் தலைநகரம் தில்லிக்கு மாறும் என்று அறிவித்த கையோடு எந்தச் சாலைக்கு எந்த மரம் என்கிற பேச்சும் ஆரம்பித்துவிட்டது. லட்யன்ஸ் பெயர்தான் எல்லோருக்கும் தெரியும். 1920களில் மண்ணில் இறங்கி வேலை பார்த்தவர் முஸ்டோ என்கிற தோட்டக்கலைக்காரர். ராஷ்டிரபதி பவன் தோட்டத்திலும் இவர் கைவண்ணம் உண்டு. பிரதீப் கிஷன் 2006இல் தில்லி மரங்களைப் பற்றி ஒரு அருமையான புத்தகம் எழுதினார். கிடைத்தால் விடாதீர்கள்.

என்ன மரம், யார் நட்டது என்பதெல்லாம் சரி. எனக்கு இப்போது முக்கியமாகப் படுவது வேறு. அந்தச் சாலைகளின் இரு பக்கமும் அகலமாக வெறும் மண்ணும் புல்லும் விட்டிருந்தார்கள். அதன் மேல் வண்டி ஏறவில்லை. தொண்ணூறு வருஷம் கழித்தும் அந்த மரங்கள் நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

நாங்கள் இருப்பது யமுனைக்குக் கிழக்கே. அடுக்குமாடி வீடு, வாசலில் ஒரு வேப்பமரம். நாங்கள் குடிவந்தபோது அதன் அடியில் மண் இருந்தது. பிறகு கார்கள் வந்தன. 2010 காமன்வெல்த் போட்டிக்காக நகரமே நடைபாதைக் கற்களால் மினுங்கியது அல்லவா, அதைப் பார்த்து எங்கள் சங்கத்துக்கும் ஆசை வந்தது. மரத்தின் கழுத்து வரை சிமெண்டும் டைல்ஸும் போட்டார்கள். 1994 சட்டப்படி தில்லியில் மரத்தை வெட்ட அனுமதி வாங்க வேண்டும். அடியில் டைல்ஸ் போட எங்கள் காலனியில் யாரும் யாரையும் கேட்கவில்லை. (நானும் கைதட்டியவன்தான். மழையில் சேறு இல்லை பாருங்கள்!)

மரத்தைச் சுற்றி ஆறுக்கு ஆறு அடி சிமெண்ட் போடாமல் விடவேண்டும் என்று மத்திய நகர்ப்புற அமைச்சகம் 2000லேயே சொல்லியிருந்தது. யார் கேட்டார்கள்? 2013 ஏப்ரலில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம், அடிமரத்திலிருந்து ஒரு மீட்டருக்குள் இருக்கும் கான்கிரீட்டை உடைத்து எடுக்கச் சொல்லி உத்தரவு போட்டது. எங்கள் வாசலிலும் உடைத்தார்கள். அப்பாடா என்றிருந்தது.

கணக்குப் போட்டுப் பார்த்ததும் அந்த நிம்மதி போனது. ஒரு மீட்டர் சுற்று என்றால் சுமார் 3 சதுர மீட்டர். எங்கள் வேம்பின் குடை ஐந்து மீட்டர் ஆரம் இருக்கும். நிழல் விழும் இடம் மட்டுமே 78 சதுர மீட்டர். வேர் அதையும் தாண்டி ஓடும். 25இல் ஒரு பங்குகூடத் திறக்கவில்லை.

அந்த ஒரு பங்கிலாவது தண்ணீர் இறங்கியதா? இல்லை. குடத்தோடு ஊற்றினால் அப்படியே வழிந்து ஓடியது. குழி எடுக்க வந்த ஆள் கடப்பாரையை நாலு தடவை போட்டுவிட்டு, "சாஹப், யே மிட்டி நஹீன், பத்தர் ஹை" என்றார். மண் இல்லை ஐயா, கல்.

நல்ல மண்ணில் பாதிதான் மண். மீதிப் பாதி காற்றும் தண்ணீரும் இருக்கும் சந்துகள். வேரும் மூச்சு விடவேண்டும், அதற்கு அந்தச் சந்து வேண்டும். சத்து உறிஞ்சும் மெல்லிய வேர்கள் பெரும்பாலும் மேல் இரண்டடிக்குள்தான் இருக்கின்றன. கார் ஏறி மிதிப்பதும் அதே இடத்தைத்தான். முதல் சில தடவை சக்கரம் ஏறும்போதே பெரும்பாலான கெடுதல் நடந்துவிடுகிறது. அப்புறம் காரை எடுத்துவிட்டாலும் மண் தானாக இளகாது. உத்தரவுகள் கான்கிரீட்டைத்தான் எடுக்கச் சொல்லின. அதன் கீழே இறுகிப்போன மண்ணை என்ன செய்வது என்று யாரும் கேட்கவில்லை.

2022 மே 30 புயல் உங்களில் தில்லிக்காரர்களுக்கு நினைவிருக்கும். நூற்றுக்கணக்கில் மரங்கள் சாய்ந்த மாலை. அடுத்த பிளாக்கில் ஒரு மரம் வேரோடு விழுந்தது. வேர் என்று சொல்ல அங்கே என்ன இருந்தது? தட்டு மாதிரி ஒரு மெல்லிய வட்டம். அன்று ராத்திரி எங்கள் மகள் படுக்கையை ஜன்னல் பக்கத்திலிருந்து நகர்த்தினோம்.

என் தாத்தா தென்னைக்கு வட்டப்பாத்தி எடுத்து, கொத்திவிட்டு, தழை போட்டு மூடுவார். நானும் அதே மாதிரி மண்வெட்டியோடு இறங்கினேன். நல்லவேளை, தோட்டத்துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டுப் பெரியவர் தடுத்துவிட்டார். பெரிய மரத்தடியில் கண்டபடி கொத்தினால் இருக்கிற வேரும் போய்விடும். வெளிநாட்டில் அழுத்தக் காற்றைப் பீய்ச்சி, வேர் அறுபடாமல் மண்ணை மட்டும் கிளறும் கருவி வைத்திருக்கிறார்கள். நமக்குக் கடப்பாரைதான். அடிமரத்தை விட்டுத் தள்ளி, இரண்டடிக்கு ஒன்றாக, ஒன்றரை அடி ஆழத்துக்கு ஒடுக்கமான குழிகள். தடித்த வேர் தட்டுப்பட்டால் அதை விட்டு வேறு இடம். குழிக்குள் மக்கிய எருவும் மணலும். இதனால் அந்தந்தக் குழியைச் சுற்றித்தான் மண் இளகும், முழு வைத்தியம் ஆகாது என்று பெரியவரே சொன்னார். மீதியை மண்புழுவிடம் விடவேண்டுமாம். அதற்கு வேண்டியது இலைச்சருகு.

பங்குனியில் வேம்பு கொட்டும் சருகை முன்பெல்லாம் குவித்துக் கொளுத்துவார்கள். 2015இல் தீர்ப்பாயம் அதைத் தடை செய்தது. அப்புறம் மூட்டை கட்டி வெளியே அனுப்ப ஆரம்பித்தார்கள். நான் பெருக்க வரும் அம்மாவிடம் கெஞ்சி நாலு மூட்டையை மரத்தடியிலேயே கொட்ட வைத்தேன். கார் ஏறாமல் இருக்க மூன்று பெரிய கற்களும் வைத்தேன்.

இரண்டு மழைக்காலம் போயிற்று. இப்போது தண்ணீர் ஊற்றினால் நிற்கிறது, பிறகு மெல்ல இறங்குகிறது. உச்சிக்கிளைகள் இரண்டு இன்னும் மொட்டையாகத்தான் இருக்கின்றன. போன வாரம் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. மரத்தடியில் குப்பை போட்டு வைத்திருக்கிறேனாம், ஒரு கார் நிறுத்தும் இடமும் வீணாகிறதாம். பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன்.