முகர்ந்து வாங்கிய துணி

அவுரித் தொட்டியின் மூடியைத் திறந்தால் நிறம் கண்ணில் படுவதற்குள் நாற்றம் மூக்கைத் துளைத்துவிடும். புளித்த கஞ்சியும் ஈர வைக்கோலும் மாட்டுக்கொட்டிலும் ஒன்றுசேர்ந்தாற்போல ஒரு வாடை. ஆரோவில் பக்கத்துச் சாயப் பட்டறைகளில் சில வாரம் தங்கிப் பழக வருகிற ஓவியர்களும் நெசவுக் கலைஞர்களும் முதல் நாள் இரண்டடி பின்வாங்குவார்கள். மூன்றாம் நாள் பழகிவிடும். அதற்குள் நகக்கண்ணெல்லாம் நீலம்.

இந்த வாடை ஏறிய நீலத்துணியைத்தான் ஒரு காலத்தில் சகாரா ஓரத்து மனிதர்கள் காசு கொடுத்து வாங்கினார்கள். தப்பு, காசாகவே வாங்கினார்கள்.

அந்தத் துணிக்குப் பிரெஞ்சுக்காரர் வைத்த பெயர் 'கினே'. மேற்கு ஆப்பிரிக்காவின் கினியாக் கரையை வைத்து வந்த பெயர். பிறந்தது புதுச்சேரிச் சீமையில். பெயர் மட்டும் புகுந்த வீட்டுடையது. சுமார் 15 மீட்டர் நீளம். பூ கிடையாது, கரை கிடையாது, கருப்பை எட்டிப்பிடிக்கும் நீலம் ஒன்றுதான். நம் ஊர்க் கல்யாணத்துக்கு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

1674-இல் புதுச்சேரியில் கால் ஊன்றிய பிரெஞ்சுக் கும்பினி அதிகாரி பிரான்சுவா மார்த்தேன் நெசவாளர்களை வரவழைத்துக் குடியேற்றினார். கும்பினிக்கு வேண்டியிருந்தது துணிதான். கும்பினியின் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் புரட்டினால் யுத்தச் செய்திக்கு நடுவிலேயே துணிக் கணக்கும் வரும். தறி, சுற்று வட்டாரக் கிராமங்களில். அவுரி, தென்னார்க்காட்டு வயல்களில். திண்டிவனம் பக்கம் இன்றைக்கும் அது விளைகிறது.

சாயம் போடுவது சமையலைப் போலக் கைப்பக்குவம். அவுரி இலையை ஊறவைத்து, அந்தத் தண்ணீரை அடித்து அடித்துக் காற்றேற்றினால் அடியில் வண்டல் தங்கும். அதைக் கட்டியாக்கிக் காயவைப்பார்கள். ஆனால் கட்டி தண்ணீரில் கரையாது, நூலிலும் ஏறாது. வேகவைத்த தகரை விதையும் சுண்ணாம்பும் சேர்த்துப் புளிக்கவிட்டால்தான் நீலம் தன் நிறத்தை இழந்து கரைந்து நிற்கும். அதில் முக்கி எடுக்கும் துணி பச்சையாக வெளியே வரும். காற்றுப் பட்டதும் கண்ணெதிரிலேயே நீலமாகும். ஒரு முறை போதாது. முக்கி, உலர்த்தி, மறுபடி முக்கி. கடைசியில் கஞ்சி போட்டு, மடித்துவைத்து, கொட்டாப்புளியால் அடிப்பார்கள். அந்த அடியில்தான் துணிக்குப் பளபளப்பு ஏறும்.

இத்தனை பாடும் யாருக்கு? 18-ஆம் நூற்றாண்டில் இந்த நீலத்துணி ஆப்பிரிக்கக் கரையில் மனிதர்களை விலைக்கு வாங்கவும் கொடுக்கப்பட்டது. தறியில் உட்கார்ந்திருந்தவருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் கினேயின் கதையைச் சொல்லும்போது இதை விட்டுவிட்டு அழகை மட்டும் பேச எனக்கு மனம் வரவில்லை.

அடிமை வியாபாரம் ஒடுங்கிய பிறகு அதன் இடத்தைப் பிடித்தது பிசின். செனகல் ஆற்றங்கரைக்குப் பாலைவனத்து மூர் இனத்தார் வேலம்பிசின் கொண்டுவருவார்கள். ஒரு கினேக்கு இத்தனை எடை பிசின் என்று பேரம். நாணயம் செல்லாத இடத்தில் நம் நெசவாளர் நெய்த துணியே நாணயம். அந்தப் பிசின் போன இடம் இன்னும் வேடிக்கை. ஐரோப்பாவில் பருத்தித் துணியில் அச்சுப் போடச் சாயத்தைக் கெட்டியாக்க அது வேண்டும். அந்த அச்சுத்துணித் தொழிலே இந்தியச் சீட்டித் துணியைப் பார்த்துக் காப்பியடிக்கக் கிளம்பியதுதான். புதுச்சேரித் துணியைக் கொடுத்துப் பிசின் வாங்கி, அந்தப் பிசினால் நம் துணிக்கே போட்டி தயாரித்தார்கள்!

பிரான்சின் ரூவான் நகர ஆலைகள் கினேயையும் காப்பியடித்துப் பார்த்தன. அளவு சரி, நீலமும் சரி. பாலைவனத்து வாடிக்கையாளர் துணியைத் தடவினார், முகர்ந்தார், தள்ளிவைத்துவிட்டார். தகரை விதை புளித்த வாடையையும் கஞ்சி மொடமொடப்பையும் ரூவானில் எங்கே போய்த் தேடுவது? அசல் துணியின் நீலம் உடுத்தியவர் மேலும் ஒட்டும். நாம் 'சாயம் போகுது' என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிற அதே குணம் அங்கே சிறப்பாகக் கருதப்பட்டது.

பிறகு இயந்திரம் வந்தது. 1820களின் கடைசியில் நூற்பாலை. 1898-இல் முதலியார்பேட்டையில் ரோடியர் மில். 1897-இல் ஜெர்மனியிலிருந்து செயற்கை நீலமும் விற்பனைக்கு வந்துவிட்டது. 1936 ஜூலை 30 அன்று, உரிமை கேட்ட ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள். நெசவு என்றதும் ஊர் நினைவுக்குக் கொண்டுவருவது அந்த நாளைத்தான், கினேயை அல்ல. ரோடியர் மில்லும் 2020-இல் மூடப்பட்டது.

பட்டறைக்கு வருகிற கலைஞர்கள் நீலத்தில் நனைத்த நூலோடு காகிதம், கம்பி, பழைய சேலை என்று எதையெல்லாமோ சேர்த்து நெய்கிறார்கள். சில நன்றாகவே இருக்கின்றன. தொட்டி இருக்கிறது, தகரை விதை கிடைக்கிறது, நாற்றமும் அப்படியே இருக்கிறது. கொட்டாப்புளியோடு துணிமேல் குனிந்து அடிக்கிற ஓர் ஆளைத்தான் நான் இன்னும் பார்க்கவில்லை.